பத்து இருபதுக்கு வைத்த கையெழுத்து

எமிலி படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்தபோது அரியநாயகம் ஒரு பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதிக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை காலை. எழுபத்தெட்டாம் ஆண்டு. தீவுப்பகுதியில் பாதிச் சனத்துக்கு அப்போது வெளிநாட்டுப் பைத்தியம் பிடித்திருந்தது. பாஸ்போட் எடுக்க ஒரு கட்டுக் கடுதாசி வேண்டும், அந்தக் கட்டுக்கு ஒரு ஜே.பி.யின், அதாவது சமாதான நீதவானின், கையெழுத்து வேண்டும். புளியங்கூடலில் ஜே.பி. என்றால் அரியநாயகம்தான். யாரிடமும் ஒரு சதம் வாங்க மாட்டார். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்காமல் பேனாவைத் தூக்க மாட்டார். ஒரேயொரு கரைச்சல், இராகுகாலத்தில் அவர் பேனாவின் மூடியைக்கூடக் கழற்ற மாட்டார். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் பொலிஸ் இன்ஸ்பெக்டரே வந்து நின்றாலும் "இருங்கோ, நேரம் சரியில்லை" என்ற ஒரே பதில்தான். "எங்கட ஜே.பி.க்கு மேல ஒரு ஜே.பி. இருக்கிறார், அவர் பேர் இராகு" என்று ஊரில் பகிடி பண்ணுவார்கள். அவர் காதில் அது விழாமலும் இல்லை.

"ஐயா, நான் குருசுமுத்துவின்ர மனிசி. ஊர்காவற்றுறையில இருந்து வாறன்," என்றாள் அவள்.

முத்திரை தலைகீழாக விழுந்தது. ஜே.பி. ஆன நாளிலிருந்து அவர் தலைகீழாகக் குத்திய முதல் முத்திரை அது. அந்தப் பிரதியைக் கொண்டுவந்தவனிடம் "நாளைக்கு வேற பிரதி கொண்டு வாரும்" என்று சொல்லி அனுப்பிவிட்டு, எமிலிக்குக் கதிரையைக் காட்டினார். அவள் இருக்கவில்லை.

"அவர் உங்களோட பலாலியில வேலை செய்தவர். பிளேன் எஞ்சின் பூட்டுறவர். ஞாபகம் இருக்குதோ தெரியாது."

ஞாபகமா! அவளுக்கு என்ன தெரியும், பாவம்.

"ஞாபகம் இருக்கு பிள்ளை. இரும். என்ன விஷயம்?"

விஷயம் இதுதான். தம்பிஐயா என்றொருவர் அரபு நாட்டு எண்ணெய்க் கொம்பனிக்கு எஞ்சின் வேலையாட்கள் பிடிக்கிறார். நாளை வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு ஊர்காவற்றுறையில், யாக்கோப்பின் கராஜில் வைத்து ஆள் தெரிவு. எமிலி ஒற்றைக் காலில் நின்று புருஷனின் பெயரைக் கொடுத்துவிட்டாள். ஆனால் பழைய கொம்பனி கொடுத்த கடிதத்தில், "கவனயீனம் காரணமாக நீக்கப்பட்டார்" என்று ஒரு வரி கிடக்கிறது. அந்த வரிக்கு, மேலே இருந்து வேலை பார்த்த யாராவது விளக்கம் எழுதிக் கையெழுத்து வைத்துத் தந்தால்தான் ஆளைக் கிட்ட எடுப்பேன் என்று தம்பிஐயா சொல்லிவிட்டார்.

"குருசு என்ன சொல்லுறான்?"

"அவருக்கு நான் இஞ்ச வந்தது தெரியாது ஐயா. கேட்டால் வாய் திறக்கிறேல்லை. 'சேர் பாத்தவர், கம்பி இருந்தது, பிறகு நான்தான் ஏதோ செய்துபோட்டன்.' இவ்வளவுதான் சொல்லுவார். எஞ்சினைத் தொட்டுப் பதினொரு வருஷம். எஞ்சின் வள்ளம் ஓட்டுற லோஞ்ச்காரர் வந்து கும்பிட்டுக் கூப்பிட்டாலும் போகார். கிழிஞ்ச வலை பொத்திக்கொண்டு இருக்கிறார். ஆரும் தெரியாத தேசத்துக்குப் போனால் இது விட்டிடும் எண்டு நான் நினைக்கிறன்." முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "பெரிசா ஒண்டும் எழுத வேண்டாம் ஐயா. நல்ல வேலைகாரன், ஒருக்காத் தவறிப்போட்டுது எண்டு நீங்கள் எழுதினாலே காணும். உங்கட சொல்லுக்கு ஒரு மதிப்பு இருக்கெல்லோ."

அரியநாயகத்தின் மனைவி மீனலோசனி தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். எமிலி அதைக் குடித்துவிட்டு, "நாளைக்கு இரண்டு மணிக்கு முன்னம் கிடைச்சால் போதும்" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனாள். அரியநாயகத்தின் தேத்தண்ணீர் ஆறிப்போய் அப்படியே இருந்தது.

அவர் படித்தவர். இரத்மலானையில் தொழில் பழகி, எஞ்சின் புத்தகங்களை இங்கிலீசில் கரைத்துக் குடித்தவர். அப்படிப்பட்டவருக்கு இராகுகாலம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், காலியிலிருந்து வந்தது. தகப்பன் ஐம்பத்தேழில் காலியில் கடை உறுதிக்குக் கையெழுத்து வைத்தது ஒரு வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு. ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் கடை சாம்பலாகி, மனுஷன் உடுத்த வேட்டியோடு கப்பலில் வந்து இறங்கினார். கடையை எரித்தவர்கள் இராகுவைக் கேட்டா எரித்தார்கள்? ஆனால் தாய் அன்றைக்கே பிள்ளையின் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிவிட்டாள், அந்த நேரத்தில் ஒரு கடுதாசியிலும் கை வைக்கக் கூடாதென்று.

பலாலியில் அவர் வேலை பார்த்தது ஒரு சின்னக் கொம்பனி. இரண்டே இரண்டு குட்டி விமானங்கள். சிங்க இறாலை ஐஸ் பெட்டியில் அடுக்கிக் கொழும்பு ஹோட்டல்களுக்கு ஏற்றுவார்கள். தொழிலாளி எஞ்சினில் ஒரு வேலை செய்தால், பரிசோதகர் அதைத் தன் கண்ணால் பார்த்து, வேலைக் காட் என்கிற அட்டையில் நேரத்தை எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். அந்தக் கையெழுத்து விழாமல் விமானம் கொட்டகையை விட்டு அசையக் கூடாது. பரிசோதகர் அரியநாயகம். முதல்தரத் தொழிலாளி குருசுமுத்து.

வேலை முடிகிற நேரம் இராகுகாலத்துக்குள் விழும் போலிருந்தால் அரியநாயகம் ஒரு வழி வைத்திருந்தார். நல்ல நேரம் போவதற்கு முன்பே காட்டில் கையெழுத்தை வைத்துவிடுவார். பிறகு வேலை முடிந்ததும் போய் ஒவ்வொரு ஆணியாகத் தொட்டுப் பார்ப்பார். பார்க்காமல் விட்டதே இல்லை. கையெழுத்து முன்னுக்கு, பார்வை பின்னுக்கு. இதற்குக் கொட்டகையில் 'நேரக் கையெழுத்து' என்று பெயர். குருசுமுத்து வேதக்காரன், சிரிப்பான். "சேருக்கு இராகு, எனக்கு அந்தோனியார். ரெண்டு பேரும் சேர்ந்து பிளேனைக் காப்பினம்" என்பான். வெளியாட்களிடம் ஒரு நாளும் இதைச் சொன்னதில்லை.

அறுபத்தேழாம் ஆண்டு தை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. ஒயில் பில்டர் மாற்றுகிற வேலை. பெரிய வேலை ஒன்றுமில்லை. பழையதைக் கழற்றிப் புதியதைப் போட்டு மூடியை இறுக்க வேண்டும். மூடியின் திருகாணிகள் எஞ்சின் அதிர்வில் கழன்றுவிடாதபடி, அவற்றின் துளைகளுக்குள் ஒரு மெல்லிய பூட்டுக்கம்பியைக் கோத்து முறுக்கிவிட வேண்டும். அரியநாயகம் மணியைப் பார்த்தார். பத்து இருபது. காட்டை எடுத்து 10.20 என்று எழுதி, கையெழுத்தை வைத்தார். குருசுமுத்து புதிய பில்டரை சாமான் ஸ்ரோரில் எடுத்ததே பத்து முப்பத்தைந்துக்கு. அந்த நேரம் ஸ்ரோர்ப் புத்தகத்தில் பதிவாயிற்று.

பதினொரு மணிக்கு மனேச்சர் வந்து, மற்ற விமானத்தின் சக்கர ரயரைப் பார் என்று குருசுமுத்துவை அவசரமாக இழுத்துக்கொண்டு போனார். மூடி பூட்டியாயிற்று, கம்பி கட்டவில்லை. வெட்டிய கம்பித்துண்டை மேசையில் வைத்துவிட்டுப் போனான். இரண்டு நிமிஷத்தில் வந்து கட்டலாம், எப்படியும் சேர் பார்க்காமல் விடமாட்டார் என்ற நம்பிக்கை. அரியநாயகமோ இராகுகாலம் தொடங்கிவிட்டதே, மெல்லப் போகலாம் என்று கன்ரீனில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். கூலியாட்கள் காட்டைப் பார்த்தார்கள். கையெழுத்து இருந்தது. எஞ்சின் மூடியை அடைத்து, விமானத்தை வெளியே தள்ளிவிட்டார்கள்.

அவர் திரும்பி வந்தபோது காற்றாடி சுழன்றுகொண்டிருந்தது. கையை உயர்த்தினால் போதும், விமானி எஞ்சினை நிற்பாட்டியிருப்பார். ஆனால் ஏன் என்று மனேச்சர் கேட்பாரே. நான் இன்னும் பார்க்கவில்லை என்று சொல்ல வேண்டுமே. பார்க்கவில்லையென்றால் இந்தக் கையெழுத்து யாருடையது? குருசு செய்த வேலை ஒரு நாளும் பிழைத்ததில்லை, இன்றைக்கும் பிழைக்காது என்று தன்னைத் தானே சமாளித்துக்கொண்டு கையைப் பொக்கற்றுக்குள் விட்டார். விமானம் எழும்பிய பிறகுதான் மேசையில் கிடந்த கம்பித்துண்டைக் கண்டார். அளவாக வெட்டி, முறுக்காமல், நேராகக் கிடந்தது. ஒருவரும் பார்க்கவில்லை. அதை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

விமானம் அல்லைப்பிட்டிக்குக் கிட்ட ஆழமில்லாத கடலில் விழுந்தது. விமானி உயிர் தப்பினார், ஆனால் இடது கால் முழங்காலோடு போயிற்று. இரண்டு நாள் அந்தக் கரைச் சனம் சிங்க இறால் தின்றது என்று பிறகு பகிடி சொன்னார்கள். அரியநாயகம் அந்தப் பகிடிக்கு ஒரு நாளும் சிரித்ததில்லை.

பத்து நாள் கழித்துக் கொட்டகையிலேயே விசாரணை. கடலிலிருந்து தூக்கிய எஞ்சினில் ஒயில் பில்டரின் மூடி கழன்று ஒயில் ஒழுகியிருந்தது, கம்பி இல்லை. விசாரித்தவர் இரண்டு கடுதாசிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பில்டர் எடுத்தது 10.35. பரிசோதித்துக் கையெழுத்து வைத்தது 10.20. இது எப்படி?

"எழுதினதில பிழை," என்றார் அரியநாயகம். "பதினொண்டு இருபது எண்டு எழுதியிருக்க வேணும். அவசரத்தில பத்து எண்டு விழுந்திட்டுது."

"நீர் கண்ணால பார்த்தீரா? கம்பி இருந்ததா?"

"ஓம். நான் பாத்தனான். கம்பி இருந்தது."

குருசுமுத்துவைக் கேட்டார்கள். அவன் அரியநாயகத்தின் முகத்தைப் பார்த்தான். கட்டவில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தான். ஆனால் சேர் பார்த்தேன் என்கிறாரே. சேர் பொய் சொல்லுகிற ஆளா? அன்றைக்கு மற்ற விமானத்திலும் அவன் ஒரு கம்பி கட்டியிருந்தான். எந்தக் கம்பியைக் கட்டினோம் என்று அவனுக்கே குழம்பியது.

"சேர் பாத்தவரெண்டால் இருந்திருக்கும்," என்றான் கடைசியில். "பிறகு இறுக்கம் பாக்க நான் வெட்டினனோ, வெட்டிப்போட்டுக் கட்ட மறந்தனோ தெரியாது."

தீர்ப்பு ஒரு பக்கத்தில் முடிந்தது. நேரத்தில் உள்ள வேறுபாடு வெறும் எழுத்துப்பிழை. விபத்துக்குக் காரணம் தொழிலாளியின் கவனயீனம். அரியநாயகத்துக்கு, இனிமேல் எண்களைத் தெளிவாக எழுதவும் என்று ஒரு புத்திமதி. அவ்வளவுதான். இரண்டு வருஷத்தில் கொம்பனியும் படுத்துவிட்டது. அவர் ஊரோடு வந்து சேர்ந்தார், ஜே.பி. ஆனார். நான் கட்டவில்லை என்று அவன் ஏன் அடித்துச் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் நானும் ஒப்புக்கொண்டிருப்பேனே என்று குருசுமுத்துவின் மேலேயே கோபப்பட்டுக் கொஞ்சக் காலம் ஓட்டினார். அந்தக் கோபம் நிற்கவில்லை. கம்பித்துண்டு மட்டும் அலுமாரியின் லாச்சிக்குள், பஞ்சாங்கத்துக்கு அடியில் கிடந்தது.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கே மேசையில் உட்கார்ந்துவிட்டார். நல்ல நேரம் நிறையக் கிடந்தது. "நல்ல தொழிலாளி, ஒருமுறை தவறிவிட்டார், மன்னிக்கலாம்" என்று இங்கிலீசில் அழகாக எழுதினார். எமிலி கேட்டது இதைத்தான். கையெழுத்து வைத்தால் முடிந்தது, அவளும் கும்பிட்டுவிட்டுப் போவாள். வாசித்துப் பார்த்தார். தான் செய்ததற்கு அவனை மன்னிக்கிறாராம்! கிழித்தார். இரண்டாவதையும் கிழித்தார். மூன்றாவதில் வளைத்து வளைத்து எழுதி, யார் என்ன செய்தார்கள் என்று ஒருவருக்கும் விளங்காதபடி பூசி மெழுகியிருந்தார். அதையும் கிழித்தபோது சுவர் மணிக்கூடு பத்தரை அடித்தது.

"இஞ்சருங்கோ, இனிப் பன்னிரண்டுக்குப் பிறகுதானே," என்று மீனலோசனி பேனாவின் மூடியை எடுத்துக் கொடுத்தாள்.

அப்பாடா என்றிருந்தது அவருக்கு. அடுத்த கணம் அந்த அப்பாடாவே அவரைச் சுட்டது. பதினொன்றரை பஸ்ஸை விட்டால் அடுத்தது மூன்று மணிக்கு. இரண்டு மணிக்கு எல்லாம் முடிந்துவிடும். நேரம் சரியில்லை, அதனால் எழுதவில்லை, நான் என்ன செய்ய என்று இருந்துவிடலாம். இராகுவின் தலையில் பழியைப் போட்டுவிட்டு மத்தியானம் சோறு தின்னலாம். இவ்வளவு காலமும் நான் பயந்தது இராகுவுக்கா, அல்லது ஒளிந்துகொள்ள எனக்கு அது ஒரு சாட்டா? வெட்கமாக இருந்தது அவருக்கு. அறுபத்துநாலு வயதில் அப்படி ஒரு வெட்கம் வரக் கூடாது.

மூடியை வாங்கி மேசையில் வைத்துவிட்டு எழுதினார். பத்து இருபதுக்கு வைத்த கையெழுத்து எழுத்துப்பிழை அல்ல. நான் பார்க்காமலே வைத்தேன். பிறகும் பார்க்கவில்லை. கம்பி கட்டப்படவில்லை என்பது விமானம் எழும்பிய உடனேயே எனக்குத் தெரியும். விசாரணையில் நான் சொன்னது பொய். குருசுமுத்துவின் மேல் ஒரு குற்றமும் இல்லை. கீழே பெயரையும் திகதியையும் எழுதி, பக்கத்தில் நேரத்தையும் போட்டார். காலை 11.10.

மீனலோசனி தோளுக்குப் பின்னால் நின்று எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"உங்களுக்கு என்ன விசரே? இதைக் கண்டால் ஜே.பி.யைப் பறிச்சுப்போடுவாங்களெல்லோ!"

"பறிக்கட்டும்."

"பதினொரு வருஷம் ஒரே கூரைக்குள்ள இருந்தனாங்கள். எனக்கொரு வார்த்தை சொல்லேல்லையே நீங்கள்," என்றாள். பிறகு குசினிக்குள் போய்விட்டாள். அவர் லாச்சியைத் திறந்து கம்பித்துண்டை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

குருசுமுத்து துறைமுகத்துக்குக் கிட்ட, தன் வீட்டு முற்றத்துப் பூவரச நிழலில் வலை பொத்திக்கொண்டிருந்தான். தலை நரைத்திருந்தது. ஊசியை விட்டு ஒரு முடிச்சுப் போட்டான், இழுத்துப் பார்த்தான். திரும்ப இழுத்தான். மூன்றாம் தரமும் இழுத்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனான். அரியநாயகத்தைக் கண்டதும் மடித்துக் கட்டியிருந்த சாரத்தை அவிழ்த்துவிட்டு எழும்பினான்.

"சேர்! நீங்களே வந்தனீங்கள்? எமிலி, ஒரு கதிரை கொண்டு வா!"

கடிதத்தை நீட்டினார். குருசுமுத்துவுக்கு வேலைத்தள இங்கிலீசு தெரியும், கடித இங்கிலீசு ஓடாது. "என்ன சேர் போட்டிருக்கு?" என்று சிரித்துக்கொண்டு கேட்டான். இது அரியநாயகம் எதிர்பாராதது. கடுதாசியில் எழுதி நீட்டிவிட்டு ஒதுங்கலாம் என்றுதான் அவரும் வந்தார் போலிருக்கிறது. இப்போது வாயால் சொல்ல வேண்டும். கம்பித்துண்டை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார்.

"குருசு, இது அண்டைக்கு நீ வெட்டி மேசையில வைச்ச கம்பி. நான்தான் எடுத்து ஒளிச்சனான். நான் போய்ப் பாக்கேல்லை. பாத்தனான் எண்டு பொய் சொன்னனான்."

அவன் கம்பியைப் பார்த்துக்கொண்டே நின்றான். விரலால் அளந்தான். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு.

"அப்ப நான் கட்டிப்போட்டு வெட்டேல்லை?"

"நீ கட்டவே இல்லை. மனேச்சர் உன்னைக் கூட்டிக்கொண்டு போட்டார்."

"அப்ப நான் மறக்கேல்லை."

"இல்லையடா. நீ ஒண்டும் மறக்கேல்லை."

எமிலி சேருக்கென்று கொண்டுவந்த கதிரையில் குருசுமுத்து அப்படியே இருந்துவிட்டான். எமிலிதான் வெடித்தாள்.

"சும்மா சொல்லிப்போட்டியள் ஐயா! இந்த மனிசன் கதவைப் பூட்டிப்போட்டு ஒழுங்கை முடக்கால திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பாக்கும். கோயிலுக்குப் போனால் அடுப்பு நூர்ந்துதோ எண்டு பாதிப் பூசையில எழும்பி ஓடி வரும். பிள்ளைக்கு ஞானஸ்நானத்தில தண்ணி வாக்கினதோ எண்டு சாமியாரை ரெண்டாந்தரம் கேட்டது! தன்ர கையைத் தானே நம்பாமல் இவ்வளவு காலம் சீவிச்சதுக்கு உங்கட ஒரு பொய்யோ காரணம்? நான் நேற்று உங்களைக் கும்பிட்டெல்லோ கேட்டனான்!"

அரியநாயகம் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பிழையில்லை.

"விடு எமிலி," என்றான் குருசுமுத்து. கடிதத்தின் அடியில் இருந்த எண்ணை அவன் விரல் தொட்டது. "பதினொண்டு பத்து. வெள்ளிக்கிழமை. இராகுகாலமெல்லோ சேர்?"

"ஓம்."

அவன் முகத்தில் பழைய சிரிப்பு ஒரு கீற்று வந்தது. கிணற்றடிக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவினான். எமிலி அலுமாரியிலிருந்து நீளக் காற்சட்டையை எடுத்துக் கொடுத்தாள். மூவரும் கராஜுக்கு நடந்தார்கள். வழியில் குருசுமுத்து ஒரே ஒரு தரம்தான் சட்டைப் பையைத் தொட்டுக் கடிதம் இருக்கிறதா என்று பார்த்தான். அதைக் கண்ட எமிலியின் நடையில் ஒரு துள்ளல் வந்தது. அரியநாயகத்துக்கும் மூச்சு இலேசாக வந்தது.

தம்பிஐயா கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். அரியநாயகத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"இது நீங்களே எழுதினதோ? புளியங்கூடல் ஜே.பி.?"

"ஓம். நான்தான்."

"சரி. கடுதாசி போதும். இனிக் கையைப் பாப்பம்."

மேசையில் ஒரு பழைய பம்பு எஞ்சின் இருந்தது. பில்டரைப் போட்டு மூடியை இறுக்கி, பூட்டுக்கம்பி கட்ட வேண்டும். அரை மணி நேரம். வேலை கேட்டு வந்த மற்ற நான்கு பேரும் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். குருசுமுத்து குறட்டைத் தூக்கினான். பதினொரு வருஷம் எஞ்சின் தொடாத கையா அது! பத்து நிமிஷத்தில் மூடி இறுகியது, கம்பி துளைக்குத் துளை ஓடி, முறுக்கு ஒரே சீராக விழுந்தது. தம்பிஐயா குனிந்து பார்த்து, "ஆகா, இதெல்லோ வேலை!" என்றார். கொப்பியைத் திறந்து பேனாவை எடுத்தார். "முடிஞ்சுதுதானே?"

குருசுமுத்து கம்பியைப் பார்த்தான்.

"ஒருக்காப் பாத்திட்டுச் சொல்லுறன் ஐயா," என்றான்.

மூடியின் இறுக்கத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கம்பியை வெட்டத்தான் வேண்டும். வெட்டினான். இறுக்கம் சரி. புதுக் கம்பி எடுத்துத் திரும்பக் கட்டினான். முதலாவதைவிட அழகு. கையை எடுத்தான். திரும்ப வைத்தான். வெட்டினான். மூன்றாவது கம்பி. தம்பிஐயா மணிக்கூட்டைப் பார்த்தார். எமிலி கராஜ் வாசலில் நின்று சிலுவைக் குறி போட்டாள்.

மூன்றாவது கம்பியும் முறுகி முடிந்தது. இன்னும் மூன்று நிமிஷம் கிடந்தது. முடிந்தது என்று ஒரு சொல் சொன்னால் போதும். குருசுமுத்துவின் கை குறட்டோடு கம்பியின் மேலேயே நின்றது.

அரியநாயகத்தால் பொறுக்க முடியவில்லை. கிட்டப் போனார், குனிந்தார், ஒவ்வொரு ஆணியாக விரலால் தொட்டுப் பார்த்தார். இந்த முறை உண்மையாகவே பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது.

"குருசு, போதுமடா. நான் பாத்தனான். கம்பி இருக்குது."

குருசுமுத்து தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தான். கோபமில்லை. கோபம் இருந்திருந்தால்கூட அரியநாயகத்துக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அண்டைக்கும் இப்பிடித்தான் சேர் சொன்னனீங்கள்," என்றான்.

குனிந்து கம்பியை வெட்டினான்.